தாய்க்குப் புரிய வேண்டாமா?

மதுரையைச் சுற்றிக் கட்டடங்கள் எழுகின்றன. கம்பி கட்டுகிறவரும் செங்கல் சுமக்கிறவரும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வருகிறார்கள். சிலர் குடும்பத்தோடு வருகிறார்கள். பிள்ளைகள் நம் பள்ளிக்கூடங்களில் உட்காருகின்றன. மகிழ்ச்சி! ஆனால் அந்தத் தாய் பள்ளி வாசலுக்கு வந்தால் என்ன நடக்கிறது?

நகரை அடுத்த ஒரு பள்ளியில் நாம் கண்டதைச் சொல்கிறோம். "பையனுக்குக் கரும்பலகை தெரியவில்லை, கண் டாக்டரிடம் காட்டுங்கள்" என்கிறார் ஆசிரியை. தாய்க்குத் தமிழ் தெரியாது. பையனே மொழிபெயர்க்கிறான். தாய் முகம் மலரப் போய்விடுகிறார். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் இந்தி அறிந்தவர், சிரித்துவிட்டார். "நான் நன்றாகப் படிக்கிறேனாம்" என்று சொல்லியிருக்கிறான் பயல்! அவனைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளையைத் துபாஷி ஆக்கியது யார்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்க என்கிறது 1956-இல் சேர்ந்த 350அ பிரிவு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. மொழி புரியாத தாய் அந்தக் குழுவில் அமர்ந்து எதைப் பேசுவார்?

பல மொழி மதுரைக்குப் புதிதல்ல. சௌராஷ்டிர நெசவாளர் நூற்றாண்டுகளுக்கு முன்பே தறியோடு வந்தவர்கள். வீட்டில் தம் மொழி, வீதியில் தமிழ் என்று வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் அம்மொழியினர் இரண்டரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அவர்களுக்குத் தமிழ் கற்க நெடுங்காலம் கிடைத்தது. கட்டட வேலைக்காரருக்கு ஒரு பருவம்தான்.

"இந்தியை எதிர்த்த நீங்களா இந்தித் துபாஷி கேட்கிறீர்கள்?" என்று சிலர் கிண்டல் செய்வர். செய்யட்டும். நாம் எதிர்த்தது திணிப்பை. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகள் நடத்துகிறதே, அதை வரவேற்கும் வாயால் இதை மறுக்கலாமா? மேலும், பீகாரிகள் எல்லோருக்கும் வீட்டுமொழி இந்தி என்பதே தவறு. போஜ்புரி உண்டு, மைதிலி உண்டு, மகஹி உண்டு.

பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க 'தமிழ் மொழி கற்போம்' திட்டம் வந்தது, நன்று. பெற்றோருக்கு?

பணமா? கணக்குப் போடுவோம். மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் 13. மாநகரத்தைச் சேர்த்தால் 14. ஒவ்வொன்றுக்கும் ஒரு துபாஷி, மாதம் 20 மணி நேரம், மணிக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதத்துக்கு ஒருவருக்கு 60,000. மொத்தம் 8,40,000 ரூபாய். சேர்க்கை விண்ணப்பம், உதவித்தொகைத் தாள், தடுப்பூசி அறிவிப்பு ஆகியவற்றைச் சென்னையிலேயே ஒருமுறை மொழிபெயர்த்து அச்சிட்டால் எல்லா மாவட்டத்துக்கும் ஆகும். 2024-25-இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்துக்கான 2,152 கோடியை டில்லி நிறுத்தி வைத்ததை மறந்துவிடவில்லை. அந்த மலைக்கு முன் இது மடு. மாநில சர்க்காரே தாங்கலாம்.

முதல் வேலைக்குக் காசே வேண்டாம். ஜூன் மாதச் சேர்க்கையின்போது, "வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். எந்த ஒன்றியத்துக்கு எந்தத் துபாஷி என்பது ஜூலையில் தெரிந்துவிடும். அந்தப் பையனுக்குக் கண்ணாடி வந்ததா என்று நாமும் போய்ப் பார்க்கத்தான் போகிறோம்.