காசி யாத்திரைக் குழுவை அழைத்துச் செல்வோர் அறிய வேண்டியவை

சேதுவில் மணலெடுத்துப் பிரயாகையில் கரைத்து, காசியில் கங்கை நீராடி விசுவநாதரைத் தரிசித்து, கயையில் முன்னோர்க்குப் பிண்டமிட்டு, கங்கைநீர் கொணர்ந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்விப்பதே காசி யாத்திரையின் முழுமை என்பர் பெரியோர். முற்காலத்தில் இஃது ஓராண்டுக்கு மேலும் நீண்டது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாகப் பணியாற்றிய ஏனுகுல வீராசாமி என்பார் 1830ஆம் ஆண்டு மே மாதம் நூறு பேர் அளவிலான பரிவாரத்துடன் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் ஊர் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய யாத்திரை வரலாறு 1838இல் அச்சேறியது. அன்று உணவு, ஊர்தி, காவல், நோய் அனைத்துக்கும் குழுத் தலைவரே பொறுப்பு. இன்று பத்துப் பன்னிரண்டு நாளில் யாத்திரை முடிகின்றது. பொறுப்போ பயண முகவர் தோள்மேல் வந்து அமர்ந்துள்ளது.

குழுவில் வருவோருள் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, வாழ்வில் ஒரே ஒருமுறை வருபவர்கள். ஆகவே யாத்திரைத் திட்டம் எத்தனை தலங்கள் என்பதைக் கொண்டு வகுக்கப்படாமல், குழுவில் மிக மெதுவாக நடப்பவர் யார் என்பதைக் கொண்டு வகுக்கப்பட வேண்டும். இதை மறந்த முகவர்களே பிற்பாடு ஏச்சும் பேச்சும் கேட்க நேர்கின்றது.

முதலில் காலத்தைத் தெரிய வேண்டும். ஆடி, ஆவணியில் கங்கையில் வெள்ளம் பெருகினால் படகுகள் நிறுத்தப்படும். படித்துறைகள் நீரில் மூழ்கும். மார்கழி, தை மாதங்களில் வடநாட்டு மூடுபனியால் இரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். மகாளயபட்சத்தில் கயையிலும், மாசி வரையில் நீளும் மாக மேளாவின்போது பிரயாகையிலும் மக்கள் திரள் அளவு கடந்ததாகும். 2025ஆம் ஆண்டு ஜனவரி 29, தை அமாவாசையன்று பிரயாகையில் மகா கும்பமேளா நெரிசலில் சிக்கி முப்பதுக்குக் குறையாதோர் உயிர் நீத்ததை நாடறியும். அமாவாசையில் நீராடினால் புண்ணியம் மிகுதி என்பது உண்மையே. எனினும் முதியோர் நாற்பது பேரை அழைத்துச் செல்பவர் அந்நாளைத் தவிர்ப்பதே முறை. ஐப்பசியின் பிற்பகுதியும் கார்த்திகையும், பின்னர்ப் பங்குனியும் ஏற்ற காலங்கள்.

அடுத்தது பெயர்ப் பட்டியல். அடையாள அட்டையில் உள்ளவாறே பெயரும் வயதும் எழுதப்படுதல் வேண்டும். நாள்தோறும் உண்ணும் மருந்து, முழங்கால் வலி, செவிப்புலன், உடன்வராத உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தயங்காமல் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சங்கற்பத்துக்காகக் கோத்திரம், மூன்று தலைமுறை முன்னோர் பெயர் ஆகியவற்றையும் வீட்டிலேயே எழுதி வரச் சொல்லுதல் நன்று. பல்குனி ஆற்றங்கரையில் நின்றுகொண்டு கொள்ளுப் பாட்டியின் பெயரை நினைவுகூர முயன்று கண் கலங்கிய அன்பர்கள் பலர்.

இனி இரயில் முன்பதிவு. முகவரின் திறமையும் நேர்மையும் வெளிப்படும் இடம் இதுவே. முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் முதல் நாள் தொட்டு 60 நாளாகக் குறைக்கப்பட்டது. ஆகையால் மூன்று மாதம் முன்னரே பட்டியல் முடிவாகியிருத்தல் வேண்டும். ஒரு விண்ணப்பப் படிவத்தில் ஆறு பேருக்கு மேல் எழுத இயலாது. நாற்பது பேர் எனில் ஏழு படிவங்கள் ஆகின்றன.

இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. படுக்கைப் பெட்டியின் ஒவ்வொரு தடுப்பிலும் எட்டுப் படுக்கைகள் உள்ளன. அவற்றுள் கீழே இருப்பவை, பக்கவாட்டில் உள்ளதையும் சேர்த்து, மூன்றே. நாற்பது பேர் ஐந்து தடுப்புகளில் ஒன்றாக அமர்ந்தாலும் கீழ்ப்படுக்கை பதினைந்துதான் கிடைக்கும். குழுவிலோ இருபத்தைந்து பேர் மேலே ஏற இயலாத முதியோராக இருப்பர். அறுபது வயது நிறைந்த ஆடவர்க்கும் நாற்பத்தைந்து நிறைந்த மகளிர்க்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு ஒன்று உண்டு. ஆனால் ஒரு பயணச்சீட்டில் தனியாகவோ, இருவராகவோ பதிவு செய்தால் மட்டுமே அது பொருந்தும். ஆறு பேரை ஒருசேர எழுதினால் அவ்வாய்ப்பு கைநழுவும். இருவர் இருவராகப் பதிந்தாலோ குழு பல பெட்டிகளில் சிதறிவிடும்.

முகவர் பலர் தம் வசதி கருதி ஆறாறாகவே பதிந்து, "உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று கூறிவிடுகின்றனர். இது தகாது. சென்னையிலிருந்து காசி செல்ல இரண்டு இரவுகள் ஆகும். நள்ளிரவில் எழுந்து இறங்க வேண்டிய முதாட்டியை மேற்படுக்கையில் ஏற்றுவதைக் காட்டிலும் குழு சிதறுவது சிறு குறையே. பெட்டிகளுக்கிடையே வழி உண்டு. முகவரும் துணைவரும் நடந்து சென்று விசாரித்து வரலாம். முதியோரை இருவர் இருவராகவும், இளையோரை ஆறாறாகவும் பதிந்து, எவர் எப்பெட்டியில் என்பதை ஒரே தாளில் எழுதி இருவரும் கையில் வைத்திருத்தலே சிறந்த வழி.

முன்னரே இடம் பிடிக்கும் பொருட்டு வேறு பெயர்களில் சீட்டெடுத்து வைப்போரும் உளர். ஒருவர் சீட்டில் அவர்தம் பெற்றோர், மனைவி, மக்கள், உடன்பிறந்தார் போன்ற நெருங்கிய குடும்பத்தார் மட்டுமே, அதுவும் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தால் விண்ணப்பித்து, மாற்றாகச் செல்லலாம். மற்றவர் சென்றால் சீட்டற்ற பயணியாகவே கருதப்படுவர். வழியில் அவமானப்படுபவர் முகவர் அல்லர், முதியவரே. உரிமம் பெறாமல் சீட்டு வாங்கித் தருவதைத் தொழிலாகச் செய்வது இரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் அன்பர்கள் அறிதல் நலம். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சு முதல் நிறுத்தப்பட்டுள்ளது. அதைப் பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

வாங்கும் பணத்துக்கு இரசீதும், வர இயலாமற் போனால் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்ற எழுத்தும் அளிக்கப்பட வேண்டும். புரோகிதர் தட்சிணை, படகுக் கூலி ஆகியவை கட்டணத்துள் அடங்குமா என்பது தெளிவாக எழுதப்படாமையால் விளையும் சச்சரவு, கங்கைக்கரையிலும் மனத்தை அழுக்காக்குகின்றது.

நிலையப் பெயர்களிலும் கவனம் தேவை. அலகாபாத் 2018இல் பிரயாக்ராஜ் ஆயிற்று; அவ்வூரில் சந்திப்பு வேறு, சியோகி நிலையம் வேறு. முகல்சராய் அதே ஆண்டில் தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு எனப் பெயர் மாறியது. மண்டுவாடி நிலையம் இப்போது பனாரஸ். வாரணாசி சந்திப்போ வேறோர் இடம். பேருந்து ஒரு நிலையத்திலும் பயணிகள் மற்றொரு நிலையத்திலுமாகக் காத்திருந்த கதைகள் ஏராளம்.

காசியில் தங்குமிடம் அமர்த்துவோர் அறையின் அழகைப் பாராமல், அது எத்தனையாவது மாடி, பேருந்து நிற்குமிடத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்பதைப் பார்க்க வேண்டும். சந்துகளுக்குள் பெரிய வண்டி நுழையாது. கோதௌலியாவில் நகரத்தார் சத்திரமும், கேதார கட்டத்தில் குமரகுருபரர் நிறுவிய மடமும், அனுமன் கட்டத்தில் தமிழ் பேசும் புரோகிதர் குடும்பங்களும் இருப்பது தமிழர்க்குப் பெருந்துணை.

விசுவநாதர் ஆலய வளாகம் 2021 டிசம்பர் 13இல் விரிவுபடுத்தப்பட்டுத் திறக்கப்பட்டது. வாயில்கள் பல. கைப்பேசியை வெளியே வைத்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும். எனவே ஒருவர் தவறிப்போனால் அழைத்துப் பேச வழியில்லை. கூடுமிடத்தை முன்னரே நேரில் காட்டிவிடுதல், இருவர் இருவராக இணைத்து ஒருவர்க்கொருவரைப் பொறுப்பாக்குதல், தங்குமிட முகவரியைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிய அட்டையைக் கழுத்தில் அணிவித்தல் ஆகிய மூன்றும் செய்த குழுவில் எவரும் நெடுநேரம் காணாமற் போவதில்லை. தலைகளை எண்ணுவதைவிட, "உங்கள் இணை எங்கே?" என்று ஒவ்வொருவரையும் கேட்பது விரைவானது; பிழைக்கும் இடமில்லை.

காசியிலிருந்து கயை சுமார் 250 கிலோமீட்டர். நள்ளிரவில் புறப்பட்டுச் சிராத்தம் முடித்து அன்றிரவே திரும்பும் வழக்கம் பரவி வருகின்றது. ஒருநாள் அறை வாடகை மிச்சமாகும் என்பதே காரணம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநர்க்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்திருந்தது. இப்பயணம் அதனை மிஞ்சுகின்றது. உறக்கமிழந்த ஓட்டுநரையும், உண்ணாநோன்போடு பிண்டமிடும் முதியோரையும் ஒரே வண்டியில் ஏற்றி இரவில் விரட்டுவது சிராத்தம் செய்விக்கும் முறை ஆகாது. கயையில் ஓரிரவு தங்கியே ஆக வேண்டும். விஷ்ணுபாதத்தையும் அட்சய வடத்தையும் தரிசித்து, ஓர் இலை, ஒரு காய், ஒரு கனி என வேண்டாமென்று விடுவது அங்கு மரபு. நாற்பது பேரும் நாற்பது விதமாக விட்டுவிட, உடன்வந்த சமையற்காரர் மறுநாட் சாம்பாரில் எக்காயைப் போடுவது என்று திகைப்பதும் உண்டு. விட்டதைக் குறித்து அவரிடம் தருவதும் முகவர் கடமையே.

வழியில் ஒருவர் நோயுற்றால் என் செய்வது என்பதைப் புறப்படுமுன் முடிவு செய்ய வேண்டும். துணைவர் ஒருவர் நோயாளியுடன் மருத்துவமனையில் தங்க, குழு முகவருடன் முன்செல்லும். ஆகவே எத்துணைச் சிறு குழுவாயினும் இருவர் இன்றிப் புறப்படலாகாது. அவசரச் செலவுக்கெனத் தனித்தொகை இருத்தல் வேண்டும். அதனைத் தொட்டால் கணக்கு எழுதப்பட வேண்டும்.

இந்து சமய அறநிலையத்துறை 2022–23ஆம் ஆண்டில் 200 முதியோரை இராமேசுவரம்–காசி ஆன்மிகப் பயணத்துக்குக் கட்டணமின்றி அழைத்துச் சென்றது. தனியார் முகவர் வழியே செல்வோரும் சேதுவின் மணலை மறவாதிருக்க வேண்டும். சென்னையிலிருந்து நேரே புறப்படும் குழுவாயின், முகவர் முன்கூட்டியே இராமேசுவரத்திலிருந்து மணல் வருவித்து வைப்பார். திரும்பும்போது கங்கைச் சொம்புகளின் வாய் நன்கு அடைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து, ஒவ்வொன்றிலும் உரியவர் பெயரை எழுதி ஒட்டி, இராமேசுவரம் சென்று இராமநாதர் சந்நிதியில் ஒப்படைக்கும் வரை அவற்றின் எண்ணிக்கையும் அவர் பட்டியலிலேயே இருக்க வேண்டும்.