குவாலா பகாங்கில் முடிந்த ஓட்டம்

அரசன் தலைநகரை விட்டு ஓடினான் என்று கேட்டவுடன், அரசு முடிந்தது என்றே நாம் எண்ணுவோம். மதிலும் அகழியும் சூழ்ந்த நகரமே அரசு என்று கொள்ளும் நாடுகளுக்கு அது பொருந்தும். மலாய் நாட்டு வரலாற்றை அந்த அளவுகோலால் அளந்தால் பிழைபடும். ஆற்று முகத்துவாரங்களில் எழுந்த மலாய் அரசுகளுக்கு நகரம் மரத்தாலும் கூரையோலையாலும் ஆனது. பகைவர் வந்து கொளுத்தினால் வேறோர் ஆற்றங்கரையில் மறுபடியும் கட்டிக்கொள்ளலாம். அரசன் எங்கே இருந்தானோ அங்கே அரசும் இருந்தது. 1511ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது சுல்தான் மஹ்மூத் ஷா பகாங்குக்கும், அங்கிருந்து பிந்தானுக்கும், கடைசியில் சுமத்திராவிலுள்ள கம்பாருக்கும் சென்றார். நகரம் போயிற்று, அரச மரபு போகவில்லை. அவருடைய மகனே ஜொகூர் அரசை நிறுவினார்.

ஜொகூரின் பழைய வரலாறு முழுவதும் இத்தகைய இடப்பெயர்ச்சிகளே. 1587இல் போர்த்துக்கீசியர் ஜொகூர் லாமாவை அழித்தனர். 1673இல் ஜாம்பி நாட்டார் பத்து சாவாரைக் கொள்ளையிட்டனர். அப்போது ஆண்ட சுல்தானும் பகாங்குக்கே சென்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அங்கேயே இறந்தார். ஆயினும் ஜொகூர் மீண்டும் எழுந்தது. ஆகவே, அரசன் தப்பிச் செல்வது இங்கே இழிவன்று; அதுவும் ஓர் ஆட்சி முறையே எனலாம்.

இவ்வளவு பழகிய இந்த வழி, ஒருமுறை மட்டும் கொடிய முறையில் பயனற்றுப் போயிற்று. 1718இல் ஜொகூர் அரியணையை இழந்த சுல்தான் அப்துல் ஜலீல் ரியாத் ஷா தம் குடும்பத்தாருடன் திரங்கானுவுக்கும், பின்னர்ப் பகாங் ஆற்று முகத்துக்கும் தப்பிச் சென்றார். 1721இல் அங்கே கொல்லப்பட்டார். ஓடிய மலாய் அரசர்களுக்கு எப்போதும் புகலிடம் தந்த கடல் இவருக்கு ஏன் தரவில்லை? விடை காண 1699ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டில் ஜொகூரை ஆண்டவர் இரண்டாம் மஹ்மூத் ஷா. சிறுவயதில், 1685இல் பட்டத்துக்கு வந்தவர். 1695இல் ஜொகூருக்கு வந்த ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டன் இவரைப் பற்றி எழுதியுள்ளார். தாம் பரிசளித்த கைத்துப்பாக்கிகளின் குண்டு உடலுக்குள் எவ்வளவு தூரம் பாயும் என்று பார்ப்பதற்காக, மறுநாளே தெருவில் சென்ற ஏழை ஒருவனைச் சுல்தான் சுட்டாராம். வெளிநாட்டு வணிகர்கள் கீழை அரசர்களைப் பற்றி எழுதியவற்றையெல்லாம் அப்படியே நம்புவதற்கில்லை. எனினும் மலாய் மக்களின் மரபுச் செய்தியும் இதே திசையில்தான் செல்கிறது.

கோத்தா திங்கியில் இன்றும் அக்கதையைச் சொல்வார்கள். கடற்படைத் தலைவன் மெகாட் ஸ்ரீ ராமா போருக்குச் சென்றிருந்தான். கருவுற்றிருந்த அவன் மனைவி டாங் அனும், அரசனுடைய பலாப்பழத்தில் ஒரு சுளைக்கு ஆசைப்பட்டு உண்டுவிட்டாள். செய்தி அறிந்த சுல்தான், உண்டது அவளா வயிற்றுக் குழந்தையா என்று பார்க்க அவள் வயிற்றைக் கிழிக்கச் சொன்னார். திரும்பி வந்த கணவன், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகத் தோள்மீது சுமந்து செல்லப்பட்ட அரசனைக் குத்திக் கொன்றான். இறந்தவருக்கு வழங்கும் பெயர் ‘மங்காட் டிஜூலாங்’; சுமந்து செல்லும்போது மறைந்த மன்னர் என்பது பொருள். பலாச்சுளைக் கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்பது ஒருபுறம் இருக்க, அரசன் கொலையுண்டதும், பெருங்குடி மக்கள் அதில் உடன்பட்டிருந்தார்கள் என்று கருதப்படுவதும் வரலாறு.

இக்கொலை மலாய் உலகை எவ்வளவு அதிர வைத்தது என்பதை அறிய ஒரு சொல் உதவும். ‘டெர்ஹாகா’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு அரசனுக்கு எதிரான குற்றம் என்பது பொருள். அது வடமொழித் ‘துரோகம்’ என்பதோடு உறவுடையது. நம் மொழியிலும் புழங்குவதுதான். ஆனால் தமிழில் நண்பனுக்குச் செய்வதும் துரோகம், பங்காளிக்குச் செய்வதும் துரோகம். மலாயில் அச்சொல்லின் முழு எடையும் அரசன்மேல் விழுகிறது. ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூல், பலெம்பாங்கில் தோன்றிய முதல் அரசனுக்கும் குடிகளின் தலைவனுக்கும் நடந்த ஓர் உடன்படிக்கையைக் கூறும். குடிகள் எக்காலத்தும் டெர்ஹாகா செய்யமாட்டார்கள், அரசன் கொடியவனாயினும் கூட. அரசனும் குடிகளை இழிவுபடுத்தமாட்டான். இருபுறமும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இது. மஹ்மூத் ஷா தம் பங்கை மீறினார். குடிகளும் தம் பங்கை மீறினர்.

அவருக்குப் பிள்ளை இல்லை என்று கொள்ளப்பட்டமையால், பண்டாஹாராவாக இருந்த அப்துல் ஜலீல் அரியணை ஏறினார். பண்டாஹாரா என்பது தலைமை அமைச்சர் பதவி. நம் ‘பண்டாரம்’, ‘பண்டகசாலை’ ஆகியவற்றின் உறவுச் சொல்லே அது. பொருட்சாலையின் காவலர் நாளடைவில் நாட்டின் காவலர் ஆனார். ‘செஜாரா மெலாயு’வைத் தொகுத்தவராக மரபு கூறும் துன் ஸ்ரீ லானாங்கும் ஜொகூரின் பண்டாஹாராவே. உடன்படிக்கையை ஏட்டில் ஏற்றியது எந்தப் பதவியோ, அது முறிந்ததன் பயனை அடைந்ததும் அந்தப் பதவியே ஆயிற்று.

புதிய சுல்தான் கெட்டவர் அல்லர். 1703இல் மீண்டும் வந்த ஹாமில்டனுக்குச் சிங்கப்பூர்த் தீவையே கொடையாகத் தர முன்வந்தவர் இவர்தாம். ஹாமில்டன் பெற்றுக்கொள்ளவில்லை. பெற்றிருந்தால் ராபிள்ஸுக்கு என்ன வேலை இருந்திருக்குமோ! ஆனால் இவரிடம் ஒன்று குறைந்தது. பலெம்பாங் மரபின் குருதி இவருடலில் ஓடவில்லை என்று மக்கள் கருதினர். ‘டவுலாட்’ என்று மலாயர் கூறும் தெய்வத்தன்மை வாய்ந்த அரசாற்றல் அக்குருதியோடு போவது என்பது அவர்கள் நம்பிக்கை.

இந்நம்பிக்கையை யாரினும் மிகுதியாகப் பற்றி நின்றோர் ‘ஓராங் லாவுட்’ எனப்படும் கடல்மக்கள். படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்தவர்கள். நீரிணையின் ஒவ்வொரு தீவும், ஒவ்வொரு திட்டும், ஒவ்வொரு நீரோட்டமும் அவர்களுக்குத் தெரியும். ஜொகூரின் கப்பற்படை என்பது பெரும்பாலும் இவர்களே. வணிகக் கப்பல்களை அரசனின் துறைமுகத்துக்குத் திருப்பியதும், பகைவர் வருகையை முன்னறிந்து சொன்னதும், ஓடும் அரசனை ஒளித்துக் காத்ததும் இவர்கள்தாம். மலாக்காவின் மஹ்மூத் ஷா தீவு தீவாகச் சென்று அரசைக் காக்க முடிந்தது என்றால், அதற்குக் காரணமும் இம்மக்களே.

இந்நிலையில், கொலையுண்ட மன்னரின் மகன் தானே என்று ஒருவன் கிளம்பினான். பெயர் ராஜா கெச்சில். ‘சிறிய அரசன்’ என்பது பொருள். சியாக் வரலாறு கூறுவது இது: அவன் தாய் மன்னர் இறந்தபோது கருவுற்றிருந்தாள், பிறந்த குழந்தை மினாங்கபாவ் நாட்டுப் பாகாருயுங் அரண்மனையில் மறைவாக வளர்ந்தது. இது உண்மையா என்று கேட்பது வீண்; கடல்மக்கள் அதை நம்பினார்கள் என்பதே வரலாற்றுக்கு வேண்டியது. 1718 மார்ச்சில் ராஜா கெச்சில் படையோடு ஜொகூர் ஆற்றுக்குள் நுழைந்தபோது, காவல் நின்ற கடல்மக்கள் அவன் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். அதன்பின் போர் என்று சொல்லத்தக்கது எதுவும் நிகழவில்லை. சுல்தானின் தம்பியாகிய இளவரசர், தம் வீட்டுப் பெண்டிர் பகைவர் கையில் அகப்படலாகாது என்று தம் கையாலேயே அவர்களைக் கொன்றுவிட்டுப் போரிட்டு மாண்டார் என்று மலாய் மரபு கூறும்.

அப்துல் ஜலீல் ஓடவில்லை; பணிந்தார். வெற்றி பெற்றவனும் அவரைக் கொல்லவில்லை. பழைய பண்டாஹாரா பதவியையே திருப்பித் தந்தான். பத்தொன்பது ஆண்டுகள் அரசராக இருந்தவர் மீண்டும் அமைச்சரானார். அரசியல் முறையில் இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. இது நிலைத்திருந்தால் ஜொகூர் வரலாறு வேறாகியிருக்கும்.

அதைக் குலைத்தது ஒரு திருமணம். ராஜா கெச்சில் அப்துல் ஜலீலின் மகள் தெங்கு தெங்காவை மணப்பதாக இருந்தது. ஆனால் அவள் தங்கை தெங்கு கமாரியாவைக் கண்டதும் மனம் மாறி, அவளையே மணந்துகொண்டான். அக்காளுக்கு நேர்ந்த அவமானம் குடும்பத்தின் அவமானமாயிற்று. தெங்கு தெங்கா அதைப் பொறுத்திருக்கவில்லை. செலிபிஸ் தீவிலிருந்து வந்து இக்கடற்பகுதியில் வலிமை பெற்றிருந்த பூகிஸ் வீரர்களின் துணையை நாடினாள். அவர்களுள் மூத்தவனாகிய டாயேங் பரானியை மணந்தாள். பூகிஸ் உடன்பிறப்புகள் ஐவர் இந்நாட்டு அரசியலுக்குள் நுழைந்த வாயில் இதுவே என்று ‘துஃபாத் அல்-நாஃபிஸ்’ கூறுகிறது. அந்நூல் ரியாவில் பூகிஸ் வழிவந்த ராஜா அலி ஹாஜியால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. சியாக்கார் நூலைப் படித்தால் நியாயம் மறுபுறம் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே முறை.

சூழ்ச்சி வெளிப்பட்டதும் அப்துல் ஜலீல் குடும்பத்தாருடன் தப்பினார். ஒரு மகள் மட்டும் பகைவனின் மனைவியாய் அவன் அரண்மனையிலேயே தங்கினாள். முதலில் திரங்கானு, பிறகு தெற்கே திரும்பிக் குவாலா பகாங். இடம் தேர்ந்தது தவறன்று. முன்னோர் இருவருக்குப் புகல் தந்த நாடு பகாங். ஆதரவாளரும் அங்கு இருந்தனர். ஆனால் முன்னோருக்கு இருந்த கடல்மக்கள் இவருக்கு இல்லை. முன்பு அரசனை மறைத்து வைத்த கண்கள் இப்போது அவனைத் தேடிக் காட்டின. 1721இல் ராஜா கெச்சிலின் கடற்படைத் தலைவன் நக்கோடா சேகாம் குவாலா பகாங்கை அடைந்தான். தொழுகையில் இருக்கும்போதே முதியவர் கொல்லப்பட்டார் என்பர். மகன் சுலைமானும் மற்றவர்களும் பிடிபட்டு ரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

இங்கே உலக வரலாற்றில் யாவரும் அறிந்த ஒரு தப்பியோட்டம் நினைவுக்கு வரும். 1791 ஜூன் 20ஆம் நாள் இரவில் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி, மனைவி மக்களுடன் மாறுவேடத்தில் பாரிஸை விட்டு வண்டியேறினார். எல்லைக் கோட்டையான மோன்மெதியை அடைவது நோக்கம். வழியில் அஞ்சல் குதிரை நிலையத் தலைவன் துரூவே மன்னரை அடையாளம் கண்டான். வாரேன் என்னும் சிற்றூரில் வண்டி நிறுத்தப்பட்டது. தமிழருக்கு நெருங்கிய இன்னொன்றும் உண்டு. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்ட நாயக்க மரபினன், 1815 பிப்ரவரியில் ஆங்கிலப் படைக்கு அஞ்சி மலைப்புறத்து வீடொன்றில் ஒளிந்திருந்தான். அவனைக் கண்டுபிடித்து இழுத்து வந்தோர் ஆங்கிலேயர் அல்லர், அவன் குடிகளே. வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தான். மூன்றிலும் வேகக் குறைவோ வழித் தவறோ முதற் காரணமன்று. வழியில் இருந்த குடிகள் மன்னனைத் தம்மவனாக எண்ணவில்லை. ஒரு வேறுபாடும் உண்டு. பிரான்சில் மக்கள் அரச மரபையே வேண்டாம் என்று தள்ளும் நிலைக்குச் சென்றுகொண்டிருந்தனர். ஜொகூரின் கடல்மக்களோ பழைய அரச மரபே வேண்டும் என்பதற்காகத்தான் இருந்த அரசரைக் கைவிட்டார்கள்.

ராஜா கெச்சிலின் வெற்றியும் நெடுநாள் நிற்கவில்லை. சுலைமான் பூகிஸ்காரரோடு உடன்பாடு செய்தார். அவர்கள் ராஜா கெச்சிலை ரியாவிலிருந்து விரட்டி, 1722 அக்டோபரில் சுலைமானைச் சுல்தானாக்கினர். கூலி பெரிது. துணையரசர் பதவி பூகிஸ்காரருக்கே உரியதாயிற்று. அதில் முதலில் அமர்ந்தவன் டாயேங் மாரேவா. அரசு பெயரளவில் மலாயருடையது, ஆட்சி பூகிஸாருடையது என்னும் நிலை இரண்டு தலைமுறைக்கு நீடித்தது. தோற்ற ராஜா கெச்சில் சுமத்திராவில் சியாக் அரசை நிறுவினான். தெங்கு கமாரியா இறந்தபின் அவன் அறிவு கலங்கி, அவள் கல்லறையிலேயே படுத்துக்கிடந்தான் என்று ரியாவ் நூலே எழுதியிருக்கிறது. பகைவர் எழுதிய வரலாற்றில் இது இகழ்ச்சியாகச் சொல்லப்பட்டதா, இரக்கத்தோடு சொல்லப்பட்டதா என்பது படிப்போர் முடிவு.

கொல்லப்பட்டவரின் குடும்பம் அழியவில்லை. சுலைமான் வழியில் வந்தவரே 1819இல் ராபிள்ஸ் சிங்கப்பூரில் சுல்தானாக ஏற்ற உசேன். மற்றொரு மகன் துன் அப்பாஸ் வழியில் பகாங்கின் பண்டாஹாராக்களும் ஜொகூரின் தெமெங்கோங்குகளும் வந்தனர். அவ்விரு கிளைகளே இன்று அந்நாடுகளின் அரச குடும்பங்கள். திரங்கானுவின் முதல் சுல்தான் சைனல் அபிடின் அவருடைய தம்பி. 2019 முதல் 2024 வரை மலேசியாவின் மாமன்னராயிருந்த பகாங் சுல்தானும், 2024 ஜனவரியில் அப்பதவியேற்ற ஜொகூர் சுல்தானும் ஒரே முதியவரின் கால்வழியினர்.

கோத்தா திங்கியில் மஹ்மூத் ஷாவின் கல்லறை இருக்கும் ஊருக்குக் கம்போங் மக்காம் என்று பெயர். அப்துல் ஜலீலின் கல்லறை குவாலா பகாங்கில் இருக்கிறது. மலாய் வரலாற்றில் அவர் ‘மர்ஹூம் குவாலா பகாங்’ என்றே குறிக்கப்படுகிறார். ஆண்ட ஊரின் பெயரால் அல்ல, ஓட்டம் முடிந்த ஊரின் பெயரால்.