வாரக் கூட்டத்தில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலை

இந்தியாவின் பல ஊர்களில் பேருந்து நிறுத்தம், பூங்கா, குடிநீர்த் தொட்டி, மருத்துவமனை வாயில் ஆகிய இடங்களில் பற்கள் கொண்ட பொன்னிறச் சக்கரம் பொறித்த பலகையைக் காணலாம். அது ரோட்டரி சங்கத்தின் சின்னம். பலகையைப் பார்ப்பவர் இதை அறம் செய்யும் அமைப்பு என்று மட்டும் எண்ணுவர். ஆனால் இச்சங்கம் தோன்றியது ஒரு கூட்டத்திலிருந்தே. அறப்பணிகள் பின்னர் வந்து சேர்ந்தவை.

1905 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களைச் சந்தித்தார். ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், மற்றொருவர் தையற்கலைஞர். சிற்றூரில் வளர்ந்த ஹாரிசுக்குப் பெருநகரில் பழகியவர் பலர் இருந்தும் உற்ற நண்பர் இல்லை. தொழிலால் வேறுபட்டவர்கள் முறை வைத்து ஒருவர் அலுவலகத்தில் ஒருவர் கூடினால் அக்குறை தீரும் என்று கருதினார். முதற்கூட்டம் பொறியாளரின் அலுவலகத்தில் நடந்தது. கூடுமிடம் இவ்வாறு சுழன்று வந்ததால் சுழற்சியைக் குறிக்கும் ‘ரோட்டரி’ என்னும் பெயர் நிலைத்தது. இந்தியாவில் 1919 இல் கல்கத்தாவிலும், 1929 இல் சென்னையிலும் சங்கங்கள் தோன்றின.

தொடக்க காலத்தில் ஒரு விதி கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டது. ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினரே சேரலாம். ஒரு மருத்துவர், ஒரு வங்கியாளர், ஒரு துணி வணிகர், ஓர் அச்சகத்தார் என்று அமையும் அவையில் இரு துணி வணிகர் அமர முடியாது. போட்டியாளர் இருவர் ஒரே மேசையில் இருந்தால் வாய் திறந்து பேசமாட்டார்கள் என்பது அதன் உட்பொருள். பிற்காலத்தில் விதி தளர்ந்தது. ஆயினும், பல தொழிலார் கலந்த அவையே நல்ல அவை என்னும் எண்ணம் மாறவில்லை.

சின்னத்திலும் தொழிலின் சுவடு உண்டு. முதலில் இருந்தது வெறும் வண்டிச் சக்கரம். பின்னர் அதற்குப் பற்கள் வைத்தனர். அந்த ஓவியம் பொறியாளர்களின் கண்ணை உறுத்தியது. அத்தகைய சக்கரம் எந்த இயந்திரத்திலும் ஓடாது என்றனர். எனவே 24 பற்களும் 6 ஆரங்களும் கொண்ட உறுதியான வடிவம் வரையப்பட்டது. அதன் பிறகும் ஒரு குறை எஞ்சியது. சக்கரத்தையும் அதன் நடுவே செல்லும் தண்டையும் பூட்டுவதற்கு ஒரு சிறு இரும்புத் துண்டு வேண்டும். தொழிற்கூடங்களில் அதனைக் ‘கீ’ என்பர். அது அமர்வதற்கான பள்ளம் இல்லாவிட்டால் தண்டு தனியே சுழலும்; சக்கரம் வேலை செய்யாது. ஆகவே நடுத்துளையின் ஓரத்தில் அப்பள்ளமும் சேர்க்கப்பட்டது. பலகையை உற்று நோக்கினால் இன்றும் அதனைக் காணலாம்.

வாரக் கூட்டம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நடைபெறும். சில சங்கங்கள் நண்பகல் உணவோடும், சில இரவு உணவோடும் கூடுகின்றன. தலைவர் மேசை மீதுள்ள மணியை அடித்துக் கூட்டத்தைத் தொடங்குவார். செயலர் அறிவிப்புகளைப் படிப்பார். பிறந்தநாள் காணும் உறுப்பினருக்கு வாழ்த்துக் கூறப்படும். இவை யாவும் விரைவில் முடியும். விருந்தினரை அறிமுகம் செய்பவர் மட்டும் சில வேளைகளில் விருந்தினரை விடவும் நீளமாகப் பேசிவிடுவதுண்டு! அதன்பின் வருவதே கூட்டத்தின் உயிர்ப்பகுதி: இருபது அல்லது முப்பது நிமிட விருந்தினர் உரையும், அதைத் தொடரும் கேள்விகளும்.

ராஜ்கோட், கோலாப்பூர், ஹவுரா, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் வார்ப்படத் தொழிற்சாலைகள் மிகுதி. அவற்றைப் ‘பவுண்டரி’ என்றே மக்கள் அழைக்கின்றனர். அத்தகைய நகரம் ஒன்றின் சங்கத்திற்குப் பவுண்டரி நடத்தும் ஒருவர் பேச வருகிறார் என்று கொள்வோம். அவர் முன்னே அமர்ந்திருப்போரில் பலர் அந்த ஆலைகளை நாள்தோறும் கடந்து செல்பவர்கள்; உள்ளே ஒருமுறையும் நுழையாதவர்கள். ஆகவே அவர் தம் தொழிலை அடியிலிருந்து விளக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் இறைக்கும் பம்பின் உடற்பகுதியை அவர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதலில் மரத்திலோ உலோகத்திலோ அப்பகுதியின் மாதிரி உருவைச் செய்வர். அதைச் சுற்றி ஈரமும் களிமண்ணும் கலந்த மணலை இறுக்குவர். மாதிரியை வெளியே எடுத்ததும் மணலில் அதே வடிவில் ஒரு வெற்றிடம் நிற்கும். உலையில் உருகிய இரும்பை ஏறத்தாழ 1,350 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதனுள் ஊற்றுவர். ஆறியதும் மணலை உடைத்து வார்ப்பை எடுத்து, ஓரங்களில் துருத்தி நிற்கும் பிசிறுகளை நீக்குவர்.

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இவ்வேலையில் நுட்பங்கள் பல. இரும்பு ஆறும்போது சுருங்கும். ஆகவே 100 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பு வேண்டுமெனில், மாதிரியை ஏறத்தாழ 101 சென்டிமீட்டராகச் செய்தல் வேண்டும். மணலில் ஈரம் மிகுந்தால் நீராவி எழுந்து இரும்பினுள் குமிழ்களாகத் தங்கும். வெளியே பளபளக்கும் பம்பு உள்ளே ஓட்டையோடு நிற்கும். அதை வாங்கிய உழவர் கோடையில் கிணற்றடியில் நின்று தவிப்பார். மணலை உள்ளங்கையில் பிடித்து அழுத்தியே ஈரத்தின் அளவைச் சொல்லும் முதிய தொழிலாளர்கள் உண்டு. ஆய்வுக் கருவிகள் வந்த பின்னரும் அவர்களின் கைக்கு மதிப்புக் குறையவில்லை.

உரை முடிந்ததும் கேள்விகள் எழும். வங்கியாளர் கடனைப் பற்றியும், ஆசிரியர் இளைஞருக்குரிய பயிற்சியைப் பற்றியும் கேட்பர். அப்போது ஒரு மருத்துவர் எழுந்து, “மணலை உடைக்கும்போது எழும் தூசி எங்கே செல்கிறது?” என்று கேட்டால் அவை சற்று அமைதியாகும். மிக எளிய கேள்விதான். ஆனால் உயிரோடு தொடர்புடையது.

வார்ப்படத்திற்குப் பயன்படும் மணலில் பெரும்பகுதி சிலிக்கா. அதன் மிக நுண்ணிய துகள்கள் கண்ணுக்குப் புலப்படாமல் மூச்சோடு நுரையீரலை அடைகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். இறுகிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. வராமல் தடுக்க மட்டும் முடியும். தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சும் விசிறிகள், நீர் தெளித்தல், தரமான முகக்கவசம் ஆகியவை அதற்குரிய வழிகள். 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே இதனை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்த்திருந்தது.

பவுண்டரி உரிமையாளர்கள் மட்டுமே கூடும் அவையில் இக்கேள்வி எளிதில் எழாது. இரும்பின் விலை, மின்கட்டணம், ஆள் பற்றாக்குறை என்று அவர்களின் பேச்சு செல்லும். நாள்தோறும் காணும் தூசி அவர்கள் கண்ணுக்குத் தூசியாகவே தெரிவதில்லை. அத்தொழிலை அறியாத ஒருவரே அதனைப் புதிதாகக் காண்கிறார். பேச்சாளர் நேர்மையாக விடை கூறலாம், மழுப்பவும் செய்யலாம். ஆயினும் ஊரார் ஐம்பது பேர் நடுவே கேட்கப்பட்ட கேள்வி அவரோடு ஆலைக்குத் திரும்பிச் செல்லும். அன்று மேடையில் வழங்கப்படும் நினைவுப் பரிசைவிட இதுவே அவருக்குப் பயன் மிக்கது.

உற்பத்தித் தொழிலிலிருந்து இச்சங்கத்திற்கு வந்து சேர்ந்த கேள்விகளும் உண்டு. 1932 இல் உலகெங்கும் பொருளாதாரம் சரிந்திருந்தது. சிகாகோவில் அலுமினியப் பாத்திரம் செய்யும் நிறுவனம் ஒன்று சொத்தை மிஞ்சிய கடனில் மூழ்கிக் கிடந்தது. அதனை மீட்கும் பொறுப்பை ஹெர்பர்ட் டெய்லர் ஏற்றார். ஒவ்வொரு செயலுக்கும் முன்பு கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை அவர் எழுதினார். செய்வது உண்மையா, தொடர்புடைய அனைவருக்கும் நியாயமா, நல்லெண்ணத்தை வளர்க்குமா, அனைவருக்கும் நன்மை தருமா என்பன அவை. விளம்பரங்களை முதற்கேள்வியால் சோதித்தபோதே இடர்ப்பாடு தொடங்கியது. ‘மிகச் சிறந்தது’ போன்ற மெய்ப்பிக்க இயலாத சொற்களை நீக்க வேண்டியதாயிற்று. அச்சகத்தார் ஒருவர் தவறிப்போய் 500 டாலர் குறைத்து விலை கூறியிருந்தார். ஒப்பந்தப்படி அதைத் தரத் தேவையில்லை. இரண்டாம் கேள்வியை நினைத்து நிறுவனம் அத்தொகையையும் கொடுத்தது. கடனில் இருந்த நிறுவனத்திற்கு அது சிறு தொகை அன்று. பின்னர் நிறுவனம் கடனிலிருந்து மீண்டது. 1943 இல் ரோட்டரி அந்நான்கு கேள்விகளையும் தனதாக்கிக்கொண்டது. பல சங்கங்களில் அவை இன்றும் கூட்டந்தோறும் ஒலிக்கின்றன. மருத்துவரின் தூசிக் கேள்வியும் டெய்லரின் இரண்டாம் கேள்வியின் ஒரு வடிவமே.

எல்லாத் தொழிலாரின் குரலையும் கேட்பதாகக் கூறிய இவ்வமைப்பு, பெண்களின் குரலை நெடுங்காலம் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1987 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின்னர், 1989 இல்தான் உலகெங்கும் பெண்கள் உறுப்பினராகலாம் என்று ரோட்டரியின் விதி மாறியது.

வாரந்தோறும் கூட வேண்டும் என்னும் விதியும் 2016 இல் தளர்த்தப்பட்டது. மாதம் இருமுறை கூடினால் போதும். எனினும் பழைய வழக்கத்தை விடாத சங்கங்கள் உண்டு.

பள்ளி மாணவர்க்கும் இத்தகைய கூட்டம் உண்டு. 12 முதல் 18 வயது வரையுள்ளோர் சேரும் இண்டராக்ட் சங்கம் 1962 இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு பள்ளியில் தொடங்கியது. அடுத்த சங்கம் தோன்றிய ஊர் தஞ்சாவூர். இச்சங்கங்களிலும் தலைவர், செயலர், விருந்தினர் உரை, கேள்வி நேரம் யாவும் உண்டு. விருந்தினர் ஆலை முதலாளியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பெற்றோருள் ஒருவர் கடைசல் இயந்திரம் இயக்குபவராகவோ வார்ப்படத் தொழிலாளியாகவோ இருந்தால், அவரையே அழைத்துப் பேசச் சொல்லலாம்.