பூட்டு பழசு, சாவி புதிது!

பரணை ஒழிக்கும்போது ஒரு ஸி.டி. அகப்படுகிறது. 'குழந்தையின் ஆண்டு நிறைவு, 2005' என்று மேலே எழுதியிருக்கிறது. ஆசை ஆசையாகக் கம்ப்யூட்டரில் போடுகிறீர்கள். படம் வரவில்லை! பெயருக்குப் பின்னால் 'எம்.ஓ.வி.' என்று மூன்றெழுத்து வால் ஒன்றுதான் தெரிகிறது.

அடுத்தபடி என்ன செய்வீர்கள்? அந்தக் காலத்தில் காமிராவோடு கொடுத்த 'குவிக்டைம்' என்ற மென்பொருளைத் தேடி எடுத்து, புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்ப்பீர்கள். சற்றுப் பொறுங்கள்!

குவிக்டைம் லேசுப்பட்டதல்ல. கம்ப்யூட்டர் திரையில் படம் அசைவதே அதிசயமாக இருந்த 1991-ல் ஆப்பிள் கம்பெனி அதை வெளியிட்டது. மறு வருஷம் விண்டோஸுக்கும் வந்து சேர்ந்தது. பிற்பாடு எத்தனையோ டிஜிட்டல் காமிராக்கள் எம்.ஓ.வி. முறையிலேயே படம் பிடித்தன.

ஆனால் எதற்கும் ஒரு முடிவு உண்டல்லவா? விண்டோஸுக்கான கடைசிப் பதிப்பு, 7.7.9, 2016 ஜனவரியில் வந்தது. அதே ஏப்ரலில் அதில் இரண்டு ஓட்டைகள் இருப்பதை டிரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்புக் கம்பெனி வெளியிட்டது. அவற்றை அடைக்க ஆப்பிள் முன்வரவில்லை. அமெரிக்க அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவே, "எடுத்து விடுங்கள்" என்று எச்சரித்தது.

ஓட்டை என்றால் சாதாரண ஓட்டை இல்லை. விஷமி ஒருவன் தயாரித்த படத்தை நீங்கள் குவிக்டைமில் திறந்தால் போதும். அவன் உங்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்து விடலாம்.

"விண்டோஸ் 11-ல் அது ஏறவே ஏறாதா?" என்று கேட்கிறீர்களா? ஏறினாலும் ஏறும். அது விஸ்டாவுக்கும் விண்டோஸ் 7-க்கும் செய்தது. நிறுவும் ஃபைலின் மீது வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி' என்று போய், விண்டோஸ் 7-ஐத் தேர்ந்தெடுத்தால், தான் பழைய வீட்டில் இருப்பதாகவே நினைத்துக் கொண்டு அது வேலை செய்யக்கூடும். ஆனால் ஓட்டை அடைபடாதே!

உண்மையில் அந்தத் தொல்லையே வேண்டாம். படம் வேறு, படத்தைக் காட்டும் கருவி வேறு. எம்.ஓ.வி. என்பது ஒரு பெட்டி. அதைத் திறக்கத் தெரிந்த சாவி எதுவானாலும் சரிதான்.

அப்படிப்பட்ட சாவி ஒன்று இனாமாகவே கிடைக்கிறது. அதுதான் வி.எல்.ஸி. பாரிஸ் புறநகர்ப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கிய முயற்சி அது. 2001 முதல் எவரும் எடுத்தாளலாம் என்று திறந்து விட்டார்கள். பல முறைகளில் பதிந்த படங்களைப் பிரிக்கும் வித்தையை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. குவிக்டைமின் தயவு அதற்குத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் ஸி.டி.யில் உள்ளதை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள், ஸி.டி. சாசுவதமல்ல. பிறகு வீடியோலான் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்தே வி.எல்.ஸி.யை இறக்குங்கள், கண்ட இடத்தில் வாங்காதீர்கள். படம் ஓடினால், அதிலேயே உள்ள 'கன்வர்ட்' வசதியால் எம்.பி.4 ஆக மாற்றிக் கொள்ளலாம். அதற்காக அசலை அழித்துவிட வேண்டாம்! மாற்றும்போது படத்தின் தெளிவு சற்றுக் குறையக்கூடும்.

சில பழைய பாட ஸி.டி.க்களும் எடிட்டிங் மென்பொருள்களும் குவிக்டைமே வேண்டுமென்று அடம் பிடிக்கும். அவற்றுக்கென்று ஒரு பழைய கம்ப்யூட்டரை ஒதுக்கி, இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்து விடுங்கள். அங்கே குவிக்டைம் இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, படம் ஓடுகிறதா? அப்படியானால் அந்தக் 'குழந்தை'யைக் கூப்பிடுங்கள். அவனுக்கு இப்போது மீசை முளைத்திருக்கும். பாட்டி மடியில் உட்கார்ந்து கேக்கை முகமெல்லாம் அப்பிக் கொண்டதை அவனும்தான் பார்க்கட்டுமே!