"எனக்குப் பசிக்கல" என்று யாரும் சொல்லாமலிருக்க: கேளிக்கைப் பூங்கா உலாவுக்கு ஓர் உணவுக் கணக்கு



ஜூன் விடுமுறை முடிந்து வரும் மாணவர்களிடம் "லீவுல எங்கே போனீங்க?" என்று கேட்டால், வகுப்புக்கு இரண்டு மூன்று பேராவது "யூனிவர்சல் ஸ்டூடியோஸ்" என்பார்கள். 2010-இல் செந்தோசாவில் அந்தப் பூங்கா திறந்ததிலிருந்து நம் மாணவர்களின் கட்டுரைகளிலும் அது இடம்பிடித்துவிட்டது. கட்டுரையில் ராட்டினம் வரும், டைனோசர் வரும், நீண்ட வரிசை வரும். சாப்பாட்டுக்கு மட்டும் ஒரே வரிதான்: "பிறகு நாங்கள் மதிய உணவு உண்டு மகிழ்ந்தோம்."

அந்த ஒரு வரிக்குள் என்னென்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விலைப்பட்டியலைப் பார்த்து அப்பா ஒரு நிமிடம் பேசாமல் நின்றிருப்பார். "எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க" என்று அம்மா சொல்லியிருப்பார். பாட்டி, "எனக்கு ஒரு தே போதும்" என்றிருப்பார். பிள்ளைகளுக்கு அது புரியாமல் இருக்காது. உயர்நிலை இரண்டில் படிக்கும் பையனுக்கு நிச்சயம் புரியும்.

நுழைவுச்சீட்டின் விலை முன்கூட்டியே தெரியும். அதற்காக மாதக்கணக்கில் சேமிக்கிறார்கள். உணவுச் செலவு அப்படியில்லை. ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை, நாலு வெள்ளி, ஏழு வெள்ளி என்று சில்லறையாகப் போகிறது. யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மாலையில்தான் பர்ஸ் காலியானது தெரியும். இந்தக் கட்டுரை அந்தச் செலவை முன்கூட்டியே எப்படித் திட்டமிடலாம் என்று விளக்குகிறது. உங்கள் குடும்பத்துக்கும் பயன்படும். இறுதியில் வகுப்பில் பயன்படுத்தும் வழியும் உண்டு.

முதலில் பசியை எண்ணுங்கள், பிறகு பணத்தை

"சாப்பாட்டுக்கு 200 வெள்ளி" என்று மொத்தமாக ஒதுக்குவது திட்டமில்லை. ஒரு தாளை எடுத்து, அன்று யாருக்கு எப்போது பசிக்கும் என்று எழுதுங்கள். காலை 8 மணிக்கு எல்லாருக்கும். 10.30-க்குத் தாகம். 12 மணிக்கு மதிய உணவு. 3 மணிக்கு மறுபடியும் தாகம், பிள்ளைகளுக்குக் கொறிக்க ஏதாவது. 5 மணிக்கு ஒரு சோர்வு. 7 மணிக்கு இரவு உணவு. ஆறு நேரங்கள்.

இந்த ஆறில் பூங்காவுக்கு உள்ளே வருபவை எவை, வெளியே முடித்துக்கொள்ளக்கூடியவை எவை என்று பிரியுங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த ஒரு படியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

விலைப்பட்டியலில் இருக்கும் இரண்டு கூட்டல் குறிகள்

சிங்கப்பூரில் பல உணவகங்களின் விலைக்குப் பக்கத்தில் "++" என்று போட்டிருக்கும். முதல் கூட்டல் குறி 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது பொருள் சேவை வரி, 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. சேவைக் கட்டணம் வாங்காத கடைகள் வரியையும் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும். ஆகவே உணவங்காடிக் கடையில் 5 வெள்ளி என்றால் 5 வெள்ளிதான். உணவகத்தில் 20++ என்றால் 20 வெள்ளி அல்ல.

இங்கே மாணவர்கள் 10-ஐயும் 9-ஐயும் கூட்டி 19 விழுக்காடு என்று கணக்குப் போடுவார்கள். அது சரியில்லை. வரி, சேவைக் கட்டணத்தின் மேலும் விதிக்கப்படுகிறது. 20 வெள்ளியோடு சேவைக் கட்டணம் 2 வெள்ளி சேர்ந்து 22. அந்த 22-க்கு 9 விழுக்காடு 1.98. மொத்தம் 23.98 வெள்ளி. மனக்கணக்குக்கு, "++" உள்ள விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டால் போதும்.

பழைய பயிற்சித்தாள்களைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022 வரை வரி 7 விழுக்காடு, 2023-இல் 8. எண்ணை மாற்றிவிட்டுப் படி எடுங்கள்.

ஒரே குடும்பம், இரண்டு கணக்கு

ஓர் ஐந்து பேர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, 14 வயது மகன், 8 வயது மகள். கீழே உள்ள விலைகள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. நீங்கள் போகும் நாளின் விலையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் கணக்கு, திட்டம் இல்லாமல் போனால்:

- காலை உணவு, கண்ணில் பட்ட கடையில், ஆளுக்கு 8 வெள்ளி: 40
- மதிய உணவு பூங்காவுக்குள், நால்வருக்கு 18 வீதம், சின்னவளுக்கு 12: 84
- பானம், ஆளுக்கு இரண்டு தடவை, ஒன்று 4 வெள்ளி: 40
- நொறுக்குத்தீனி, ஆளுக்கு 7 வெள்ளி: 35
- இரவு உணவு, கடைத்தொகுதி உணவகத்தில் ஆளுக்கு 20++: 119.90

மொத்தம் 318.90 வெள்ளி.

இரண்டாவது கணக்கு, திட்டத்தோடு போனால்:

- காலை உணவு, உணவங்காடி நிலையத்தில், ஆளுக்கு 5 வெள்ளி: 25
- மதிய உணவு பூங்காவுக்குள், முன்பு போலவே: 84
- பானம், வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர்ப் புட்டிகள்: 0
- நொறுக்குத்தீனி, பிள்ளைகள் இருவருக்கும் தலா 10, பெரியவர்கள் பகிர்ந்துகொள்ள 7: 27
- இரவு உணவு, உணவங்காடி நிலையத்தில், ஆளுக்கு 7 வெள்ளி: 35
- கையிருப்பு: 20

மொத்தம் 191 வெள்ளி. மிச்சம் ஏறக்குறைய 128 வெள்ளி.

இரண்டு கணக்கிலும் மதிய உணவு ஒன்றுதான், 84 வெள்ளி. கவனித்தீர்களா? "உள்ளே சாப்பாடு ரொம்ப விலை" என்று நாம் பயப்படுவது அந்த வேளைக்குத்தான். அம்மா பசியை மறைப்பதும் அந்த வேளையில்தான். ஆனால் மிச்சமான பணம் அங்கிருந்து வரவில்லை. இரவு உணவிலிருந்து கிட்டத்தட்ட 85 வெள்ளி, பானத்திலிருந்து 40, காலை உணவிலிருந்து 15, நொறுக்குத்தீனியிலிருந்து 8. மதிய உணவைத் தொடவே வேண்டியதில்லை. ஐந்து பேரும் ஐந்து தட்டில் வயிறாரச் சாப்பிடலாம்.

எங்கே, எப்போது சாப்பிடுவது

காலை உணவை வீட்டுக்குப் பக்கத்து உணவங்காடி நிலையத்திலேயே முடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஹார்பர்ஃபிரண்ட் பெருவிரைவு ரயில் நிலையத்துக்கு அருகே சியா இம் உணவு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வீவோசிட்டி கடைத்தொகுதிக்கு நடந்து, மூன்றாம் மாடியில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலைப் பிடிக்கலாம். உணவங்காடி நிலையங்கள் துப்புரவுப் பணிக்காகச் சில நாள்கள் மூடியிருக்கும். அந்தத் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வீட்டில் சிடிசி பற்றுச்சீட்டு மீதமிருந்தால், அதை ஏற்கும் உணவங்காடிக் கடைகளில் அந்தக் காலை உணவுக்கே பயன்படுத்தலாம்.

மதிய உணவுக்கு 12 மணி வரை காத்திருக்காதீர்கள். 11.15 வாக்கில் உட்கார்ந்துவிட்டால் மேசைக்கு அலைய வேண்டியதில்லை, பாட்டியும் நிற்க வேண்டியதில்லை. எல்லாரும் சாப்பிடப் போகும் நேரத்தில் ராட்டின வரிசையும் கொஞ்சம் குறையும். மதியச் சாப்பாட்டுக்காக வீவோசிட்டிவரை வந்து திரும்பலாமா என்று சிலர் கேட்பார்கள். போகவர, வரிசை, மேசை எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய நுழைவுச்சீட்டின் ஒரு மணி நேரத்தை அதற்குச் செலவழிப்பது கட்டுப்படியாகாது.

இரவு உணவுதான் ஆபத்தான இடம். மாலையில் பிள்ளைகள் களைத்திருப்பார்கள், பெரியவர்களுக்குக் கால் வலிக்கும், முதலில் தெரியும் உணவகத்துக்குள் நுழைந்துவிடுவோம். ஆகவே இரவு எங்கே சாப்பிடுவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்து, பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். பெருவிரைவு ரயிலில் சாப்பிட அனுமதி இல்லை. வீட்டுப் பக்கம் போய்ச் சாப்பிடுவதாக இருந்தால், ரயில் ஏறுமுன் சின்னவளுக்கு ஒரு ரொட்டித்துண்டு கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பாதி வழியில் அழுகை தொடங்கிவிடும்.

சைவம், மருந்து, விதிமுறை

நம் குடும்பங்களில் இதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். வெள்ளிக்கிழமை சைவமா? புரட்டாசி மாதமா? மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களா? ஹலால் உணவு வேண்டுமா? பூங்காவின் இணையத்தளத்தில் உணவகப் பட்டியலை முதல் நாளே பார்த்து, எந்தக் கடை, எந்தப் பகுதி என்று குறித்துக்கொள்ளுங்கள். "சைவம்" என்று எழுதியிருந்தாலும் முட்டை சேர்ந்திருக்கலாம், கேட்டு வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் எல்லாரும் சாப்பிடும்போது பாட்டிக்கு மட்டும் உருளைக்கிழங்கு வறுவல்தான் கிடைக்கும்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் நேரம் தவறக்கூடாது. அவர்களுடைய மருந்து நேரத்தை வைத்தே மதிய உணவு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

வெளி உணவைக் கொண்டுபோகலாமா என்பது பூங்காவுக்குப் பூங்கா மாறும். விதிமுறைகள் அவ்வப்போது திருத்தப்படுவதும் உண்டு. குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு போன்றவை பற்றி மின்னஞ்சலில் முன்கூட்டியே கேளுங்கள். வந்த பதிலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பைக்குள் ஒளித்துக்கொண்டு நிற்பதைவிட இது மரியாதையான வழி. பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்!

பிள்ளைகள் கையில் பத்து வெள்ளி

நொறுக்குத்தீனிக்கான பணத்தைக் காலையிலேயே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாம். "இது உன்னுடையது. சோளப்பொரி வாங்கினாலும் சரி, ஐஸ்கிரீம் வாங்கினாலும் சரி. தீர்ந்தால் தீர்ந்ததுதான். மிச்சம் உனக்கே." இதற்குப் பிறகு "வாங்கிக் கொடு" என்ற நச்சரிப்பு குறையும். பத்து மணிக்கே பத்து வெள்ளியையும் தீர்த்துவிட்டால், மாலை மூன்று மணிவரை காத்திருக்கும் பாடமும் அதிலேயே கிடைக்கும்.

20 வெள்ளி கையிருப்பு எதற்கு? திடீர் மழை, கொட்டிப்போன பானம், கூடுதல் பசி. அன்று மாலை அது அப்படியே இருந்தால் எல்லாருக்குமாக ஒரு இனிப்பு வாங்குங்கள். அம்மா தேர்ந்தெடுக்கட்டும்.

வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம்?

ஒன்று. மேலே உள்ள ஐந்து பேர் குடும்பத்தையே மாணவர்களுக்குக் கொடுங்கள். குழுவாகப் பிரிந்து 180 வெள்ளிக்குள் ஒரு நாள் உணவுத் திட்டம் தயாரிக்கட்டும். நிபந்தனை ஒன்றுதான்: ஒருவர்கூட ஒரு வேளையைத் தவிர்க்கக்கூடாது. மேல்நிலையில் உள்ளவர்களுக்குப் பாட்டியின் மருந்து நேரத்தையும் சைவத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டு. வாய்மொழிப் பயிற்சிக்கு ஒரு சூழல்: அம்மா "எனக்குப் பசிக்கல" என்கிறார். மகனோ மகளோ என்ன பதில் சொல்வது? மூன்று நிமிடம் நடித்துக் காட்டட்டும். வீட்டில் பேசுவது போலவே பேசட்டும், திருத்தாதீர்கள். அதன்பின் அதே உரையாடலை எழுத்துத்தமிழில் எழுதச் சொல்லுங்கள். பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு இதில் தானாகப் பிடிபடும்.

மூன்று. சொல்வளம்: ஒதுக்கீடு, கையிருப்பு, சேமிப்பு, மிச்சம், பகிர்வு, கட்டுப்படியாகும், விழுக்காடு, சேவைக் கட்டணம். இவற்றில் ஐந்து சொற்களையாவது திட்டத்தை விளக்கும்போது பயன்படுத்த வேண்டும்.

ஒரு வேண்டுகோள். "நீங்க போனப்ப எவ்வளவு செலவாச்சு?" என்று மாணவர்களிடம் கேட்டுவிடாதீர்கள். வகுப்பில் அந்தப் பூங்காவுக்கு ஒருமுறைகூடப் போகாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் சிலர் போனது போலவே கட்டுரை எழுதவும் கற்றுக்கொண்டிருப்பார்கள். கற்பனைக் குடும்பத்தைக் கொடுப்பதற்குக் காரணமே அதுதான். அந்தக் குடும்பத்தின் கணக்கில் எல்லாரும் சமமாகப் பேசலாம். பணத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் இதில் நல்ல திட்டம் கொண்டுவருவார்கள். அதை வகுப்பின் முன் பாராட்டுங்கள்.

பயிற்சியைச் செய்து பார்த்தால், எந்தக் குழு எத்தனை வெள்ளியில் முடித்தது, எப்படி முடித்தது என்று எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும்.