குழந்தை பிறந்தபின் வரும் மனத்தாங்கல்: குணமா, நோயா?

“குழந்தை பிறந்ததிலிருந்து இவள் குணமே மாறிவிட்டது, டாக்டர்.” மகப்பேறு வெளிநோயாளர் பிரிவில் கணவர்களிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் சொல் இது. அவர்கள் வந்த காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். பால் போதவில்லை, தையல் வலிக்கிறது என்று வந்திருப்பார்கள். மனைவி ஒன்றும் பேசாமல் அமர்ந்திருப்பார்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு சென்ற பெண், குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆனபின்தான் கணவர் வீடு திரும்புவது நம்மிடையே பரவலான வழக்கம். தாய்வீட்டில் அவள் அழுதால், “பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்பார்கள். புகுந்த வீட்டில் அதே அழுகைக்கு வேறு பொருள் கற்பிக்கப்படுகிறது: இங்கு இருக்கப் பிடிக்கவில்லை, மாமியாரிடம் பிடிவாதம், கணவர்மேல் வெறுப்பு. நோயின் தொடக்கத்தைக் கண்டவர்கள் ஒரு வீட்டில், விளைவைக் காண்பவர்கள் மறு வீட்டில். ஆகவே, பெண்ணின் இசைவு பெற்று அவருடைய தாயாரிடம், “உறக்கம் எப்போது கெட்டது?” என்று கேட்கிறோம். விடை பல வேளைகளில் மாமியார் வீட்டுப் பூசலுக்கும் முந்தைய நாளைச் சுட்டுகிறது.

பிரசவமான சில நாள்களில் காரணமின்றி அழுகை வருவது மிகப் பல தாய்மார்களிடம் காணப்படுவதே. அது இரண்டு வாரங்களுக்குள் தானே தணியும். தணியாமல் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இந்தியாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு தாயிடம் அதன் அறிகுறிகள் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. துயரம் மட்டுமே அதன் அடையாளம் அன்று. எரிச்சல், பசியின்மை, “நான் நல்ல தாய் இல்லை” என்ற குற்றவுணர்வு, குழந்தைமீது ஒட்டுதல் வரவில்லையே என்ற அச்சம் ஆகியனவும் உண்டு. குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டும். ஸ்காட்லாந்தில் உருவாகி 1987-இல் வெளியான எடின்பரோ வினாப் பட்டியலின் 10 கேள்விகள் சந்தேகத்தை எழுப்ப உதவும். நோயை உறுதிசெய்ய நேரில் பேச வேண்டும். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் இதே சோர்வைத் தரக்கூடியவை என்பதால் அவற்றையும் பரிசோதிக்கிறோம்.

கணவன் மனைவி உறவில் இந்நோய் புகும் வழி நுட்பமானது. மனைவி பேச்சைக் குறைக்கிறாள். தன்மேல் கோபம் என்றெண்ணிக் கணவர் வேலையிலிருந்து தாமதமாக வருகிறார். கைவிடப்பட்டோம் என்று அவள் உறுதிகொள்கிறாள். உடலுறவில் நாட்டமின்மையும் வெறுப்பாகவே கொள்ளப்படுகிறது. பெண் குழந்தை பிறந்ததற்காகச் சொல்லப்பட்ட ஒரு சுடுசொல், அச்சொல்லை உதிர்த்தவர் மறந்த பின்னும் தாயின் மனத்தில் கிடக்கும். இதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். தந்தையருக்கும் இக்காலத்தில் மனச்சோர்வு வரக்கூடும்; அவர்கள் வாய்திறப்பது அரிது.

மிதமான நிலையில் ஆலோசனைச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். மருந்து தேவைப்பட்டால் பாலூட்டுவதை நிறுத்த வேண்டும் என்று பலர் அஞ்சுகின்றனர். செர்ட்ராலின் போன்ற மருந்து மிகச் சிறிதளவே பாலில் கலப்பதால் பெரும்பாலோர் பாலூட்டலைத் தொடரலாம். மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. வீட்டார் தரக்கூடிய பெரிய உதவி, தாய்க்கு இரவில் நான்கைந்து மணி நேரம் தடையற்ற உறக்கம். அந்நேரத்தில் குழந்தையைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இல்லாத குரல் கேட்பதாகத் தாய் சொன்னாலோ, உறக்கமே இன்றிப் பரபரத்தாலோ, சாக வேண்டும் என்றோ குழந்தைக்குத் தீங்கு நேரும் என்றோ பேசினாலோ, தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மனத்துயரைப் பேச, டெலி மானஸ் 14416 இலவச எண் 24 மணி நேரமும் உண்டு.

ஆறாம் வாரப் பரிசோதனைக்குக் கணவரும் உடன் வருக. சிறிது நேரம் அவரை வெளியே அமரச் சொல்வோம். அதைத் தவறாகக் கொள்ள வேண்டாம். தாய் எங்களிடம் தனியே பேச அந்த நேரம் வேண்டும்.