வண்டியோட்டுவோரும் கைப்பேசியும்

வண்டியோட்டுங்கால் கைப்பேசியிற் பேசுதல் தீதென்பதை அறியாதார் நம்முள் எவருமிலர். அஃது ஏன் தீதாகின்றது என்று வினவின், ஒரு கை கருவியைப் பற்றிக்கொள்ள மற்றொரு கையே வண்டியைப் பற்றுதலினால் என்பர் பெரும்பாலோர். இவ்விடை முற்றும் பிழையன்று; எனினும் நோயின் மூலம் அதுவன்று. கையே காரணமாயின், செவியிற் செருகுங் கருவி கொண்டோ, தலைக்கவசத்தினுள்ளே கைப்பேசியைத் திணித்தோ பேசுவார்க்கு இடரொன்றும் இல்லையாதல் வேண்டும். இளைஞர் பலர் அவ்வாறே நம்பியுமிருக்கின்றனர்.

கனடா நாட்டு டொரன்டோ நகரில் ரெடல்மையர், திப்ஷிரானி என்னும் அறிஞரிருவர், மோதலுக்குள்ளான 699 வண்டியோட்டிகளின் தொலைபேசிக் கணக்குகளை ஆராய்ந்து 1997-ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். கைப்பேசியைப் பயன்படுத்துங்கால் மோதல் நேரும் இடர், பயன்படுத்தாத காலத்தினும் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. கையிற் பிடியாது பேசியவர்க்கும் அவ்விடர் குறைந்ததாகக் காணப்படவில்லை. அமெரிக்க நாட்டு யூட்டா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்ட்ரேயர் முதலியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வோ இன்னுந் திடுக்கிடத்தக்கது. அவர்கள் 40 பேரை, மெய்யான சாலையிலன்றிச் சாலைபோற் காட்டும் பொறியில் அமர்த்தி, ஒருகால் மதுவுண்பித்தும், ஒருகால் கைப்பேசியிற் பேசுவித்தும் ஓட்டச் செய்தனர். மதுவுண்டபொழுது அவர்கள் முன்வண்டியை நெருங்கிச் சென்று பிரேக்கை வலிந்து மிதித்தனர். பேசியபொழுதோ மிதிக்கத் தாழ்த்தனர். முன்வண்டியின்மேல் மோதியவர் மூவர். மூவரும் பேசிக்கொண்டிருந்தபொழுதே மோதினர். கையிற் பிடித்துப் பேசினும் பிடியாது பேசினும் வேற்றுமை புலப்படவில்லை.

காரணம் யாது? பார்த்தல் வேறு, காண்டல் வேறு. கண் ஒரு பொருளின்மேற் செல்லுதல் பார்த்தல். மனம் அதனை ஏற்றுக்கொள்ளுதல் காண்டல். வகுப்பிலே ஆசிரியர் முகத்தை ஒரு மணி நேரம் பார்த்திருந்தும் ஒன்றுங் காணாது எழுந்து வரும் வித்தையை மாணவராகிய நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டா! மனம் ஓர் உரையாடலிற் புகுந்தவழிச் சாலை கண்முன்னே விரிந்து கிடப்பினும் காணப்படுவதில்லை. இனி, ஓட்டிக்கொண்டே செய்தி எழுதுவார் பார்த்தலையும் இழக்கின்றனர். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். ஐந்து விநாடி குனிந்திருப்பார் 80 மீட்டருக்கு மேல் குருடராய்ச் செல்கின்றனர்.

அங்ஙனமாயின் அருகிருப்பாரோடு உரையாடுதலும் குற்றமாமோ எனின், அஃது அத்துணைத் தீதன்று. அருகிருப்பார் தாமுஞ் சாலையைக் காண்கின்றனர். வளைவு வரின் வாய் மூடுகின்றனர். 'மாடு, மாடு' என்று கூவவுஞ் செய்கின்றனர். தொலைவிலிருந்து அழைப்பாரோ ஒன்றுங் காணார்.

இதனை யான் ஏட்டில் மட்டும் அறிந்தவனல்லேன். சென்ற கிறிஸ்து பிறப்பு நாளுக்கு முந்திய மாலை, என் தமையனார் இருசக்கர வண்டியில் வீடு நோக்கி வந்துகொண்டிருந்தார். ஆலயத்திற்கு வேண்டிய மெழுகுவர்த்திகளை வாங்கினாரா என்றறிய யானே அழைத்தேன். செவியிற் கருவியிருந்தமையால் அவரும் விடையிறுத்தார். ஐந்து பொட்டலமா, ஆறா என்று யான் வழக்காடிக்கொண்டிருக்கும்பொழுதே அவர் குரல் அறுந்தது. இரும்பு தார்ச்சாலையில் உராயும் ஓசை என் செவியிற் கேட்டது. குறுக்கே வந்தது ஓர் ஆட்டுக்குட்டி. அது பிழைத்தது, அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. "பார்த்துக்கொண்டுதான் வந்தேன், தம்பி, அது எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை" என்றார். யான் ஒன்றும் மறுமொழி கூறிலேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, 2019-இற் செய்த திருத்தத்தின் வழி, ஓட்டுங்கால் கையிற் பிடிக்கும் பேசுகருவியைப் பயன்படுத்துதலை அபாயகரமாக ஓட்டுதலின்பாற் படுத்துகின்றது. முதற் குற்றத்திற்கு 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை தண்டமோ, ஆறு திங்கள் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டத்தின் சொற்கள் கையையே சுட்டுகின்றன. வீட்டிலிருந்து அழைத்தவனைப் பற்றி அதில் ஒரு சொல்லுமில்லை.

எலும்பு கூடிய பின்னர்த் தமையனார் மீண்டும் அவ்வண்டியையே ஓட்டுகின்றார். புறப்படுமுன் கருவியை அணைத்துப் பெட்டியில் வைத்துவிடுகின்றார். அவர் வந்து சேரச் சிறிது தாழ்த்தால், எங்கள் அன்னையார் கைப்பேசியை என்னிடத்துத் தந்துவிட்டு வாயிலிற் போய் நிற்கின்றார்.